பொம்மைக்கு ஒரு சித்தப்பா

ஷின்தரா பள்ளத்தாக்கின் பெண்கள் சுகாதார அலுவலகத்துக்குள் பெண்கள் போக வழி கிடையாது. கட்டிடம் கட்டும்போது அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய நேரத்தில் முன்வாசலில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். பெரிய மனுஷர்களைப் போய் எழுந்திருங்கள் என்று சொல்ல முடியுமா? அதனால் பெண் பணியாளர்கள் கொல்லைப்பக்கம் அக்ரூட் மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஜன்னலுக்கு உள்ளே பியூன் லாஜ்பர் காகா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வெளியே நிற்பவள் சொல்வதைக் கேட்டு, நாலு எட்டு நடந்து போய் மேஜையில் இருக்கும் டாக்டர் ஸர்வலி சாஹிபிடம் சொல்வார். டாக்டர் சொல்லும் பதிலைத் திரும்ப நாலு எட்டு சுமந்துகொண்டு வருவார். அவள் பேசுவது டாக்டருக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அப்படி நின்று பேசுகிறவள் பெயர் தோர்பெகை. இந்தப் பெயரை இங்கே எழுதுவதோடு சரி, ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணமான பெண்ணின் பெயர் வாசலைத் தாண்டி வெளியே வருவது அந்தப் பக்கத்தில் பெரிய அவமானம். புருஷன் வளைகுடாவில், அஜ்மானில், சிமெண்டு வேலையில் இருந்தான். ஆகவே அலுவலகத்தில் அவள் ‘அஜ்மான்காரர் வீடு’. மாமியாருக்கு ‘மருமகளே’. புருஷன் போனில் கூப்பிடும்போது, ‘ஏய், கேக்குதா?’ பெயர் சொல்லிக் கூப்பிட ஒரே ஒருத்தி இருந்தாள். வக்மா. இருவரும் மலைக்கு அந்தப் பக்கத்து ஒரே கிராமத்துப் பெண்கள். ஒரே குளிர்காலத்தில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். தோர்பெகை கீழே கடைத்தெருவுக்குப் பக்கத்தில், வக்மா மேலே பர்கலேயில். வக்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் அழாமலே போய்விட்டன. இப்போது மூன்றாவது.

“இந்தத் தடவை நீ பக்கத்துல இருக்கணும் தோர்பெகை. இல்லேன்னா நான் பெத்துக்கவே மாட்டேன், ஆமா” என்றாள் வக்மா, என்னவோ அது தன் கையில் இருக்கிற மாதிரி.

“இருப்பேன்டி. சத்தியமா இருப்பேன்.”

அப்போது சத்தியம் செய்யத் தோர்பெகைக்குத் தைரியம் இருந்தது, ஏனென்றால் மாமனார் உயிரோடு இருந்தார். பெண் பணியாளர் ஊருக்குள் போக வேண்டுமென்றால் கூடவே முறையுள்ள ஓர் ஆண், மஹ்ரம், வர வேண்டும் என்பது அலுவலகத்தின் சட்டம். மாமனாருக்கு முழங்கால் போய்விட்டது. அவரைக் கழுதையில் ஏற்றி, விழாமல் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கினால் இறக்கி, தண்ணீர் கொடுத்து, மறுபடி ஏற்றி, அவளுக்கு அவர் பாதுகாப்பாக இருக்கும்படி அவள்தான் பார்த்துக்கொண்டாள். போன பனியில் அவரும் கண்ணை மூடினார். அதோடு அவள் வேலையும் படுத்தது.

ஒரே ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்தாள். வீடு திரும்புவதற்குள் அஜ்மானிலிருந்து போன்.

“ஏய், கேக்குதா? தனியாப் போனியாமே.”

“காய்ச்சல்ல கிடந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்கப் போனேன்.”

“எனக்கு ஒன்னுமில்ல. நான் அப்படிப்பட்ட ஆளும் இல்ல. ஆனா இங்க ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம். அவங்க என்ன நினைப்பாங்க?”

அலுவலகமும் விடவில்லை. இன்னொரு தடவை தனியாகப் போனால் வேலை போய்விடும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லியனுப்பினார்கள். டாக்டருக்கும் இதில் ஒன்றுமில்லையாம். ஜனங்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். ஜனங்களைக் கேட்டால், “எங்களுக்கு என்ன? ஆபீஸ்தான் விடாது” என்றார்கள். அவள் மௌல்வி சாஹிபின் வீட்டம்மாள் மூலம் அவரிடமும் கேட்டுப் பார்த்தாள். “உயிர் போற நேரத்துல துணை பார்த்துக்கிட்டு நிப்பாங்களா? போகச் சொல்லு” என்று சொல்லி அனுப்பினார் அந்த மனுஷர். இதையும் ஜன்னலில் சொன்னாள். டாக்டர் யோசித்துவிட்டு, “மௌல்வி சாஹிபுக்கே ஆட்சேபணை இல்லேன்னா, அப்ப ஜனங்களுக்கு எவ்வளவு இருக்கும் பாரு” என்றார். இதைச் சுமந்து வந்த காகாவே ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

இந்த நிலையில்தான் பெட்டி வந்து இறங்கியது.

பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று ஆளுயரப் பொம்மையை அனுப்பியிருந்தது. கர்ப்பிணிப் பொம்மை. ஸ்டோர் பார்த்து, ஜீப்பும் ஓட்டும் ஷேர்பாஸ் ஆசையாக மூடியைத் திறந்தவர், “லாஹவ்ல…” என்று ஓதிக்கொண்டே படாரென்று மூடினார்.

“என்னப்பா?” என்றார் டாக்டர்.

“சாஹிப், உள்ள ஒரு பொம்பளை.”

“உயிரோடயா?”

“இல்ல சாஹிப். ரப்பர்.”

“பின்ன என்ன?”

“துணி இல்ல சாஹிப்.”

அலுவலகம் மொத்தமும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அவசரக் கூட்டம் அப்படியே நடந்தது. டாக்டர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு தலைமை தாங்கினார். மூடியை ஆணியடித்துத் திருப்பி அனுப்பலாம் என்றார் ஒருவர். திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் ஜீப் கிடைக்காது என்றார் இன்னொருவர். கடைசியில் லாஜ்பர் காகாதான், “அஜ்மான்காரர் வீடு பின்னாடி மரத்தடியில நிக்குது சாஹிப்” என்றார்.

அன்றைக்குத்தான் தோர்பெகை தன் அலுவலகத்தின் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். எல்லா ஆண்களும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கணப்பு இதமாக எரிந்தது. தட்டில் பிஸ்கட் இருந்தது. சுவரில் ‘பெண்களே, முன்வாருங்கள்!’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அடுத்த சந்தில் இருந்த வீட்டுக்கு ஓடிப்போய், தன்னிடம் இருந்த இரண்டு நீலத் தொப்பி புர்காக்களில் ஒன்றைக் கொண்டுவந்து பொம்மைக்குப் போட்டுவிட்டாள். நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகுதான் ஆண்கள் திரும்பினார்கள். திரும்பியதும் பொம்மையைப் பார்த்து டாக்டர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். ஷேர்பாஸ் சிகரெட்டை அணைத்தார். தோர்பெகையைப் பார்த்து, “நீ இன்னும் போகலையா?” என்றார்.

அடுத்த சிக்கல் சாயங்காலம் வந்தது. ராத்திரி அலுவலகத்தில் காவல்காரன் மட்டும்தான் இருப்பான். பர்தா போட்ட ஒரு பெண்ணை அவனோடு தனியே விட்டுப் போவதா? பொம்மை என்கிற வார்த்தையே அதற்குள் மெல்ல மறைந்துபோய்விட்டிருந்தது. ராத்திரி அஜ்மான்காரர் வீட்டில் தங்கட்டும், பகலில் ஊர் ஊராகப் பயிற்சிக்குப் போகட்டும் என்று முடிவானது. சரி, ஜீப்பில் மூன்று ஆண்களோடு எப்படிப் போகும்? மௌல்வி சாஹிபைக் கேட்க ஆள் போயிற்று. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். “அடேய், ரப்பருக்குப் பர்தாவாடா? உள்ள பொம்பளைங்க பிரசவத்துல செத்துக்கிட்டு இருக்காங்க, அதுக்கு ஒரு நாளாவது என் வாசலுக்கு வந்தீங்களாடா?” என்றாராம். ‘மௌல்வி சாஹிபிடம் கலந்து பேசப்பட்டது’ என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் உத்தரவு சுவரில் ஒட்டப்பட்டது. நீலப் புர்காவில் இருக்கும் பெண்ணுக்குப் பியூன் லாஜ்பர் சித்தப்பா முறை ஆகிறார். அவள் எங்கே போனாலும் இனி அவர் கூடப் போக வேண்டும்.

ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தோர்பெகைக்குப் பொறுக்கவில்லை.

“காகா, சாஹிபைக் கேளுங்க. பர்கலேயில வக்மாவுக்கு மாசம் நெருங்கிடுச்சு. ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு. பொம்மைக்குத்தான் நீங்க துணை போறீங்களே, அதே ஜீப்புல என்னையும் ஏத்திக்கிட்டா என்ன?”

காகா போனார், வந்தார். “நான் உனக்கு அந்நிய ஆம்பளையாம் பிள்ளே.”

“பொம்மைக்கு மட்டும் எப்படிச் சொந்தமாம்?”

காகா மறுபடி போனார். இந்தத் தடவை டாக்டரின் குரல் நேரடியாகவே வந்தது. “அதுக்கு உத்தரவு இருக்கு பீபி! உனக்கு இருக்கா? புரிஞ்சுக்கணும். எனக்கு ஒன்னுமில்ல. நான் படிச்சவன். பொம்பளைங்க வெளிய வரணும், வேலை செய்யணும்னு மேடை மேடையாப் பேசுறவன். என் வீட்டுல இருந்து யாரும் வரலேங்கிறது வேற விஷயம். ஆனா ஜனங்கன்னு ஒன்னு இருக்கே. அவங்க மனசு நோகாம, மெதுவா, யாரும் வெளிய வராமலேயே முன்னேற்றத்தைக் கொண்டாரணும். அதுதான் சாமர்த்தியம்.”

காகா இதையும் முறைப்படி ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். “வரக்கூடாதாம்” என்றார்.

அன்று முதல் பொம்மை ஊர் ஊராகப் போனது. காலையில் காகாவும் ஷேர்பாஸும் தோர்பெகையின் வாசலுக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்காலியோடு பொம்மையைத் தூக்கி ஜீப்பின் முன்பக்கம், சீட்டைக் கழற்றிய இடத்தில் வைப்பார்கள். டாக்டர் பின்னால் ஏறிக்கொள்வார். வழியில் எதிரே வரும் ஆண்கள் ஒதுங்கி, தலைகுனிந்து நிற்பார்கள். பயிற்சி ஆண்கள் கூடும் விருந்துக்கூடத்தில், ஹுஜ்ராவில், நடக்கும். பெண்களுக்கான பயிற்சியை அவர்களுக்குப் பதிலாக ஆண்கள் கேட்டுக்கொள்வார்கள். புர்காவை விலக்க முடியாது அல்லவா? டாக்டர் தள்ளி நின்று குச்சியால் காட்டுவார்: “இந்தத் துணிக்குள்ள ஒரு வயிறு இருக்குன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. தலை இந்தப் பக்கம் இருந்தா நல்லது. அந்தப் பக்கம் இருந்தா அல்லாஹ் காப்பாத்தணும்.” ஆண்கள் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டுவார்கள். பச்சை டீ வரும், வெல்லம் வரும், ஒரு கோழியும் வரும்.

இதையெல்லாம் சாயங்காலம் பொம்மையை இறக்கிவைக்கும்போது காகா கதவுக்கு வெளியே நின்று சொல்வார். உள்ளே தோர்பெகை சத்தமில்லாமல் சிரிப்பாள். அவர் போன பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மாமியாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, கண்ணும் பாதிதான். பொம்மையை யாரோ விருந்தாளிப் பெண் என்றே முடிவு கட்டிவிட்டாள். “நல்ல குடும்பத்துப் பொண்ணு. வந்ததுல இருந்து வாயே திறக்கல. நீயும் இருக்கியே” என்பாள். சோள ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் பொம்மையின் மடியில் வைப்பாள். பிறகு தூங்கிப்போவாள். தோர்பெகை ரொட்டியை எடுத்துத் தின்றபடி பொம்மைக்கு எதிரே உட்காருவாள். பேச வேறு யார் இருக்கிறார்கள்?

“இன்னைக்கு எங்க போன? பர்கலே பக்கம் போனியா? அங்க ஓடைக்கு மேல மூணாவது வீடு. மதில்ல நீலக் கதவு. அவளைப் பாத்தியா?”

பொம்மை புர்காவின் வலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். கொடுத்துவைத்தவள் என்று தோர்பெகைக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு சித்தப்பா இருக்கிறார். ஜீப் இருக்கிறது. எல்லா இடத்துக்கும் போகிறாள், எங்கேயும் யாருக்கும் உதவாமல் திரும்பி வருகிறாள். எனக்கு எல்லாம் தெரியும், போகத்தான் முடியாது. இப்படி நினைத்துக்கொண்டே பொம்மையின் ரப்பர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள். கை எப்போதும் ஜில்லென்றே இருக்கும்.

பனி உருகி ஓடை பெருகிய ஒரு காலையில் வக்மாவின் புருஷன் கீமத் வந்து வாசலில் இருமினான். மலையிலிருந்து ஓடியே வந்திருக்கிறான், மூச்சு இரைத்தது.

“தங்கச்சி, வலி எடுத்துடுச்சு. உன்னைத்தான் கேக்குறா. வேற யாரையும் கிட்ட விட மாட்டேங்குறா.”

“லாலா, அண்ணன் மாதிரி நீங்க, என்னை இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்க. உங்க பின்னாடியே தள்ளி வரேன்.”

கீமத் வாசற்படியைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. “எனக்கு ஒன்னுமில்ல தங்கச்சி. ஆனா நானும் நீயும் மலை ஏறினா, வழியில பாக்குறவன் என்ன சொல்வான்? உன் புருஷன் காதுக்குப் போகும். ரெண்டு வீட்டுக்கும் துப்பாக்கி வந்துடும். மருந்து ஏதாவது இருந்தா கொடு.”

“மருந்து கொடுத்தா அவ தானாப் பெத்துக்குவாளா?” என்றாள். கீமத் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மலைப்பக்கம் ஓடினான்.

அப்போது சந்தில் ஜீப் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பயிற்சி பர்கலேயில் என்று காகா முந்தின நாள் சொல்லியிருந்தார்.

தோர்பெகை பொம்மையின் புர்காவை உருவினாள். பொம்மையைத் தூக்கித் தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்து, கழுத்துவரை ரஜாயை இழுத்துப் போர்த்தினாள். மருந்துப் பையை இடுப்பில் கட்டினாள். நீலப் புர்காவைத் தலைவழியே இறக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் பொம்மை வைத்திருப்பது போலவே வைத்துக்கொண்டாள்.

காகாவும் ஷேர்பாஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நாற்காலியைத் தூக்கினார்கள்.

“என்ன காகா, இன்னைக்குக் கனக்குது?” என்றார் ஷேர்பாஸ்.

நாற்காலி சாய்ந்தபோது தாங்கிப் பிடித்த காகாவின் விரல் மடியிலிருந்த அவள் மணிக்கட்டில் பட்டுவிட்டது. பொம்மைக்கு ஏது நாடித்துடிப்பு? காகா அப்படியே நின்றார். தோர்பெகை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ராத்திரி அந்தக் கிழவி ரொட்டியை மடியில போட்டிருப்பா. தூக்குப்பா, நேரமாகுது” என்றார் காகா. ஜீப்பில் ஏறியதும் வலைக்கு அருகே குனிந்து, துணியைச் சரிசெய்வது போல, “மூச்சை மெதுவா விடு பிள்ளே” என்றார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “நீலப் புர்காவுல இருக்கிற பொண்ணுக்கு நான் சித்தப்பா. சுவத்துல ஒட்டியிருக்கு” என்றார்.

அதே மலைப் பாதை. இதில் அவள் தனியாக நடந்தபோது கல்மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ‘ஊர்மேயப் போறா பாரு’ என்று காதுபடச் சொன்னார்கள். இன்றைக்கு அதே ஆட்கள் எழுந்து, மார்பில் கை வைத்து, ஜீப்புக்கு வழிவிட்டார்கள். ஒருவர் வெயில் படுகிறதே என்று தன் போர்வையை முன் கண்ணாடியில் மாட்டிவிட்டார். தோர்பெகைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

பர்கலே ஹுஜ்ராவில் நாற்காலியை நடுவில் வைத்தார்கள். சுற்றிலும் கட்டில்களில் ஆண்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் வக்மாவின் வீடு. அவள் கத்துவது தெளிவாகக் கேட்டது. ஆண்களும் கேட்டார்கள், கேட்காத மாதிரி டீயை உறிஞ்சினார்கள்.

டாக்டர் எழுந்தார். “சகோதரர்களே! பெண் பணியாளர்கள் ஏன் வேலைக்கு வர்றதில்லைன்னு மேலிடத்துல கேக்குறாங்க. நான் சொன்னேன், நாங்க கதவைத் திறந்துதான் வெச்சிருக்கோம். அந்தக் கதவுல நாங்க நிக்கிறோம், அவ்வளவுதான். அவங்க வந்தா மரியாதைக்கு நாங்க நகரணும். நாங்க நகர்ந்தா எங்க மரியாதை என்ன ஆகும்? ஆக, தப்பு யார் மேலயும் இல்ல!” கைதட்டல். குச்சியை நீட்டினார். “இப்ப, இதோ, இந்த இடத்துல வயிறு…”

குச்சி முனை தோர்பெகையின் வயிற்றைத் தொட்டது. அவள் அசையவில்லை. ஜனங்கள் கலையும் நேரம் பார்த்து, காகா தண்ணீர்க் குடம் இருக்கும் மதில் ஓரம் நாற்காலியை நகர்த்துவார், அங்கிருந்து நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று நின்றது. அது கத்தலைவிட மோசம். கீமத்தின் தாய் மதில் மேல் தலையைத் தூக்கி, “ஐயோ, பொம்பளை யாராவது இருக்கீங்களா? பிள்ளை மாட்டிக்கிச்சு! யாராவது வாங்களேன்!” என்று அலறினாள்.

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, வருத்தத்தோடுதான் சொன்னார்: “நான் டாக்டர், ஆனா ஆம்பளை, உள்ள வர முடியாது. பணியாளர் பொம்பளை, ஆனா வெளிய வர முடியாது. அதனாலதான் தாயே இந்தப் பொம்மையையே வாங்கி வெச்சிருக்கோம்…”

பொம்மை எழுந்தது.

எழுந்து, புர்காவை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தது. ஒருவர் கையிலிருந்து டீக்கோப்பை நழுவியது. ஷேர்பாஸ் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஸர்வலிக்கு வாய் திறந்தபடி நின்றது. கடைசியில் இருபது வருஷ உத்தியோகம் அவருக்குக் கைகொடுத்தது.

“தனியாப் போறா! காகா, கூடப் போ! கூடப் போ!” என்று கத்தினார்.

காகா நீலக் கதவுவரை கூடப் போனார். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டார்.

உள்ளே வக்மா பாதி நினைவில் கிடந்தாள். வலைத்துணி விலகியதும் அந்த முகத்தைப் பார்த்தாள். “தோர்பெகை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பல மாதங்களாக யாரும் சொல்லாத அந்தப் பெயரைக் கேட்டதும் தோர்பெகை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கிட்டே உட்கார்ந்தாள். கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றியிருந்தது. விரலை விட்டுத் தளர்த்தி எடுத்தாள். பிள்ளை நீலமாக வந்தது. முதுகைத் தேய்த்தாள், வாயைத் துடைத்தாள், “அழுடி, அழுடி என் தங்கமே, அழுது தொலையேன்டி” என்று திட்டினாள். பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. ரத்தம் அடங்கும்வரை வக்மாவின் வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கீமத்தின் தாய் மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். பிறகு அவளே வந்து வலைத்துணியை இறக்கிவிட்டு, அதன் மேலேயே முத்தமிட்டாள்.

வெளியே ஹுஜ்ராவில் அதற்குள் கூட்டம் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். ஒன்று, ஊர்ப் பெண் ஒருத்தி அந்நிய ஆண்களோடு ஜீப்பில் வந்து, ஹுஜ்ராவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வயிற்றை எல்லோருமாகக் குச்சியால் தொட்டுப் பாடம் படித்திருக்கிறார்கள். இல்லை, வெளிநாட்டு ரப்பர் பொம்மை எழுந்து நடந்திருக்கிறது. முதலாவது என்றால் யாருக்கும் மானம் மிஞ்சாது. ஏகமனதாக இரண்டாவதையே நம்பினார்கள்.

“வெளிநாட்டுச் சாமான். சார்ஜ் இருந்தா நடக்கும்” என்றார் டாக்டர். கீமத்தின் தாயைக் கேட்டார்கள். “பொம்மைதான் வந்துச்சு. நல்ல பொம்மை” என்றாள்.

பொம்மை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. இறங்கும் வழி முழுக்க டாக்டர் பின் சீட்டில் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

வீட்டில் மாமியார் கட்டிலருகே கவலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தண்ணீர் கொண்டுவர எழுந்த நேரத்தில் தோர்பெகை பொம்மைக்குப் புர்காவைப் போட்டு நாற்காலிக்கு மாற்றிவிட்டு, தான் கட்டிலில் படுத்துக்கொண்டாள். “நாள் பூரா எழுந்திருக்கலையே மருமகளே. நெத்தியைத் தொட்டா ஐஸா இருந்துச்சு” என்றாள் கிழவி, திரும்பி வந்து.

அந்தக் கோடையில் அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டு விழா நடந்தது. வருஷத்தின் சிறந்த பெண் பணியாளர் விருது பொம்மைக்கு. பெயர் சொல்ல முடியாதாகையால் ‘லாஜ்பரின் அண்ணன் மகள்’ என்று அறிவித்தார்கள். துணையில்லாமல் ஓர் அடி வைத்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை, ஜன்னலில் வந்து நின்று எதையும் கேட்டதில்லை என்று டாக்டர் நாத்தழுதழுக்கப் பேசினார். “பெண்கள் இப்படி இருந்தா நாங்க ஏன் தடுக்கப்போறோம்?” சால்வையைச் சித்தப்பா வாங்கிக்கொண்டார். தோர்பெகை அக்ரூட் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விழா முடிந்து உள்ளே வந்ததும் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“பீபி, பர்கலேயில ஒரு ரப்பர் போய் உயிரைக் காப்பாத்திச்சு. நீ அன்னைக்கு நாள் பூரா படுத்துக் கிடந்தியாமே? உன் மாமியாரே சொல்லிட்டாங்க. எனக்கு ஒன்னுமில்ல. ஆனா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?”

பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேலை மிஞ்சும், கீமத்தின் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே துப்பாக்கி வரும். விழுங்கிக்கொண்டாள். காகா இந்தத் தடவை மேஜையிலிருந்து ஜன்னலுக்கு வரவில்லை. மேஜைக்குப் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றார். வேலை போயிற்று.

பொம்மையைத் தலைநகரில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் கதவுக்கு வெளியே ஒரு சால்வை மடித்து வைத்திருந்தது. “இது உன்னுது பிள்ளே” என்று காகாவின் குரல் மட்டும் வந்தது. எதிர்ச்சுவர் ஓரம் நாற்காலி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ரப்பர்தான், ஒரு வார்த்தை பேசாததுதான், ஆனாலும் அது போனதற்கு அவள் அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் மலைக்குப் போக அவளுக்குக் காரணமும் இல்லை, துணையும் இல்லை. வக்மாவின் முகத்தை அவள் மறுபடி பார்க்கவில்லை. கீழேயிருந்து மேலே பெயரே இல்லாமல் என்ன செய்தி அனுப்ப முடியும்?

இரண்டு சோள அறுவடை போயிற்று. தோர்பெகையின் மதிலை ஒட்டித்தான் ஓடையோரத் தண்ணீர் மில். அன்று அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே கழுதையிலிருந்து மூட்டை இறங்கும் சத்தம், குட்டிக் கொலுசு ஓடும் சத்தம், பிறகு ஓர் ஆணின் குரல்:

“தோர்பெகை! ஏ தோர்பெகை!”

அவள் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

நடுத்தெருவில், பட்டப்பகலில், நாலு பேர் கேட்க. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மில்காரர் சிரித்தார். “வித்தியாசமான பேரா இருக்கே கீமத். யாரு வெச்சது?”

“எங்க வீட்டுலதான். அந்தப் பொம்மையோட பேராம். காதுல சொல்லிட்டுப் போச்சாம். வேற பேரே வைக்க விடல.” பிறகு மறுபடி உரக்க, “தோர்பெகை! தண்ணிகிட்டப் போகாதே, இங்க வா!”

சின்னப் பிள்ளையின் பெயரை எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கூப்பிடலாம். தலையில் முக்காடு ஏறும்வரை யாருக்கும் மானம் போகாது. இன்னும் சில வருஷம் இருக்கிறது.

மாவுக் கையோடு எழுந்து கதவுவரை போய்விட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள், திறக்காமல் நின்றாள்.

“எங்க போற மருமகளே? யாரு வந்திருக்காங்க?” என்றாள் மாமியார்.

வெளியே கீமத் இன்னொரு தடவை கூப்பிட்டான்.

தோர்பெகை நெற்றியைக் கதவுப் பலகையில் சாய்த்துக்கொண்டு, “இதோ வந்துட்டேன்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். வெளியே கொலுசுச் சத்தம் ஓடி வந்தது.